தவறு யார் தலையில் விழுகிறது? நலத்திட்டங்களும் கணினியின் தீர்ப்பும்

அரசின் நலத்திட்டங்களில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிட்டால், லஞ்சமும் சிபாரிசும் ஒழிந்து, மனிதரின் விருப்பு வெறுப்பு கலக்காத நியாயம் கிடைத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. முதியோர் உதவித்தொகைக்காகக் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்களைத் தெரியாத குடும்பம் நம் ஊரில் குறைவு. எந்தத் தெருக்காரர், எந்தக் கட்சிக்காரர், யாருக்கு உறவு என்பதையெல்லாம் பார்த்துத்தான் மனு மேசையை விட்டு நகரும் என்ற நிலை இன்றும் பல இடங்களில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள், கணினியின் கணக்காவது பாரபட்சம் பார்க்காதல்லவா என்று எண்ணுவதில் வியப்பில்லை.

ஆயினும் என் பதில், "கிடைக்காது" என்பதே. கணினி தவறு செய்யும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மனிதரும்தான் தவறு செய்கிறார்கள். ஒரு முறை நியாயமானதா என்பதை, அது எத்தனை முறை சரியாகத் தீர்மானிக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்பதே என் வாதம். அது தவறிழைக்கும்போது அந்தத் தவற்றின் பாரம் யார் தலையில் விழுகிறது, அதைச் சரிசெய்ய யார் அலைய வேண்டும், எதை யார் நிரூபிக்க வேண்டும் என்பவற்றையும் பார்க்க வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல அரசுகள் நலத்திட்டங்களில் புகுத்திய கணினி முறைகளைப் பார்த்தால், பெரும்பாலானவை இந்தப் பாரத்தைச் சத்தமில்லாமல் அரசின் தோளிலிருந்து இறக்கி எளியவர்களின் தோளில் ஏற்றியிருக்கின்றன. அதற்கு மிகத் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அங்கே செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே இருந்தது.

ஆஸ்திரேலியாவில் வேலையில்லாதோர், மாணவர், உடல்நலம் குன்றியோர் ஆகியோருக்கு உதவித்தொகை வழங்கும் அமைப்பின் பெயர் சென்டர்லிங்க். உதவி பெறுபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரண்டு வாரத்தில் தமக்குக் கிடைத்த வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். வருமானம் கூடினால் உதவி குறையும். ஓர் எல்லையைத் தாண்டினால் நின்றுவிடும். அப்போது அதே நாட்டின் வருமான வரித் துறையிடமோ ஒருவருடைய ஆண்டு வருமானம் மட்டுமே இருந்தது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு முரண்பாடு தெரிந்தால் விசாரிப்பது பல ஆண்டுகளாக நடந்துவந்த நடைமுறைதான். பழைய முறையில், முரண்பாடு என்பது ஒரு சந்தேகக் குறி மட்டுமே. அதன்பிறகு ஓர் ஊழியர் கோப்பை எடுத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் வேலை கொடுத்த நிறுவனத்திடமிருந்து ஊதிய விவரத்தைச் சட்டப்படி கேட்டுப் பெறுவார். அப்படி ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் விசாரிக்கப்பட்டார்கள்.

2016இல் முழு வேகத்தில் தொடங்கிய புதிய முறை, பின்னாளில் ரோபோடெட் (எந்திரம் எழுப்பிய கடன்) என்ற பெயரால் அறியப்பட்டது. அது ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து, வரும் ஈவை ஒவ்வொரு இரண்டு வாரத்தின் வருமானமாகவும் எடுத்துக்கொண்டது. இதில் என்ன கேடு என்று முதல் பார்வையில் தோன்றாது. ஒரு மாணவர் ஆண்டின் முதற்பாதியில் வேலையில்லாமல் உதவி பெறுகிறார். இரண்டாம் பாதியில் வேலை கிடைத்து, இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 13 முறை சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 26,000 டாலர். வேலை கிடைத்ததும் அவர் உதவியை நிறுத்திக்கொண்டார். ஒரு காசு கூடத் தவறாகப் பெறவில்லை. கணினியோ 26,000ஐ 26ஆல் வகுத்து, ஆண்டு முழுவதும் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்தபடியே முதற்பாதியில் வருமானம் இல்லை என்று பொய் சொல்லி உதவி வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடும். உண்மையில் நிலையற்ற வேலையில் இருப்பவர்களும், சில மாதம் வேலை, சில மாதம் வேலையின்மை என்று வாழ்பவர்களும்தான் இத்தகைய உதவியைப் பெறுபவர்களில் மிகுதி. ஆகவே இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாதோ, அவர்கள் மீதே அது ஏவப்பட்டது.

சராசரி என்பது பல எண்களைச் சுருக்கிச் சொல்லும் ஒரு வழி. அதிலிருந்து பின்னோக்கிச் சென்று அந்த எண்களை மீட்டெடுக்க முடியாது என்பது பள்ளியில் கற்ற பாடம். அதை மறந்தது எந்திரம் அல்ல. படித்த, அனுபவம் மிக்க, உயர் பதவியில் இருந்த மனிதர்கள். இத்தகைய சராசரி முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று அரசின் உள் சட்ட ஆலோசகர்களே 2014இல் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இந்த முறையால் நூறு கோடி டாலருக்கும் மேல் மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பு அடுத்த ஆண்டே நிதிநிலைக் கணக்கில் இடம்பிடித்துவிட்டது. மிச்சத்தை முதலில் கணக்கில் எழுதிவிட்டால், அதன்பிறகு எழும் ஒவ்வோர் ஐயமும் அந்த மிச்சத்துக்கு எதிரியாகவே தெரியும். தமக்கு வேண்டிய முடிவுக்கு ஏற்பக் காரணங்களைத் தேடும் பழக்கம் தனிமனிதருக்கு இருப்பது போலவே அலுவலகங்களுக்கும் இருக்கிறது. அலுவலகத்தில் அது கோப்பாகவும் குறிப்பாகவும் உருவெடுப்பதால் இன்னும் வலுவாக இருக்கிறது.

கணக்கைவிடக் கொடியது அதனுடன் சேர்ந்து வந்த நடைமுறை. முரண்பாடு இருப்பதாகக் கடிதம் போகும். அது தவறு என்றால், பெற்றவர்தான் இணையதளத்தில் நுழைந்து, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஊதியச் சீட்டுகளைத் தேடி எடுத்து நிரூபிக்க வேண்டும். அந்த உணவகமோ கடையோ மூடப்பட்டிருக்கலாம். பழைய வங்கிக் கணக்கு இல்லாமல் போயிருக்கலாம். கடிதமே பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். பதில் வராவிட்டால் சராசரிக் கணக்கே உண்மை என்று கொள்ளப்பட்டு, கடன் உறுதியாகி, சில நேரங்களில் 10 சதவீத அபராதக் கட்டணமும் சேர்ந்து, தனியார் கடன் வசூல் நிறுவனங்களிடம் போய்விடும். ஊழியர் செய்துவந்த விசாரணை என்ற படி எடுக்கப்பட்டுவிட்டதால், ஆண்டுக்கு 20,000 என்றிருந்தது வாரத்துக்கு 20,000 கடிதங்கள் என்றாயிற்று. இதைச் செயல்திறன் என்று சொன்னார்கள். விசாரிக்கும் உழைப்பு எங்கும் மறைந்துவிடவில்லை; சம்பளம் வாங்கும் ஊழியரிடமிருந்து, சம்பளம் இல்லாதவரிடம் அது மாறியது, அவ்வளவே.

2019 நவம்பரில், ஒரு பெண் தொடுத்த வழக்கில், சராசரியை மட்டும் நம்பி எழுப்பிய கடன் செல்லாது என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம் 4.7 லட்சம் கடன்களுக்காக வசூலித்த 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021இல் நீதிமன்றம் அங்கீகரித்த கூட்டு வழக்கின் தீர்வில், திருப்பித் தருதல், தள்ளுபடி, இழப்பீடு எல்லாம் சேர்ந்து சுமார் 180 கோடி டாலரை எட்டின. 2022இல் அமைக்கப்பட்ட, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் 57 பரிந்துரைகளுடன் அறிக்கை அளித்தது. அந்த முறை நியாயமானதும் அல்ல, சட்டப்படியானதும் அல்ல என்று அதில் பதிவாகியிருக்கிறது. கடன் கடிதத்துக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்ட இரு இளைஞர்களின் தாய்மார் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். எந்தத் தள்ளுபடியும் அந்த இருவரைத் திருப்பித் தராது.

சரி, ரோபோடெட் மோசமான கணக்கு. இன்றைய செயற்கை நுண்ணறிவு அதைவிடப் பல மடங்கு நுட்பமானது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லுமே என்று கேட்கலாம். அந்தத் தொண்ணூற்றொன்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாநிலத்தில் 1 கோடி பேர் உதவி பெறுகிறார்கள். அவர்களில் 1 சதவீதம், அதாவது 1 லட்சம் பேர் தகுதியில்லாமல் பெறுகிறார்கள் என்று கொள்வோம். எந்திரம் இரு தரப்பிலும் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அப்படியானால் தகுதியில்லாத 1 லட்சம் பேரில் 99,000 பேரைப் பிடித்துவிடும். அதே வேளையில், தகுதியுள்ள 99 லட்சம் பேரில் 1 சதவீதத்தை, அதாவது இன்னொரு 99,000 பேரையும் மோசடிக்காரர் என்று காட்டும். பட்டியலில் இருக்கும் பெயர்களில் சரிபாதி குற்றமற்றவர்கள். எந்திரம் 99 சதவீதம் சரி என்பதும் உண்மை. அது கைகாட்டும் ஒருவர் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு 50 சதவீதம்தான் என்பதும் உண்மை. தவறாகப் பெறுவோர் இன்னும் குறைவாக இருந்தால், பட்டியலில் குற்றமற்றவர்களின் பங்கு இன்னும் கூடும்.

இந்தக் கணக்கு மனித அறிவுக்கு இயல்பாக வருவதில்லை. மருத்துவர்களும் நீதிபதிகளும் கூட இதில் தடுமாறுகிறார்கள். "99 சதவீதம் துல்லியம்" என்ற சொற்றொடர் காதில் விழுந்தவுடன், எந்திரம் கைகாட்டியவர் ஏறக்குறைய நிச்சயமாக ஏமாற்றுக்காரர் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்தப் பட்டியலைக் கையில் வாங்கும் அலுவலரும் அப்படித்தான் முடிவு செய்வார். மேலும், எந்திரம் சொன்னதை ஏற்று ஒருவரை நீக்கினால் அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. எந்திரத்தை மீறி ஒருவரைச் சேர்த்து, அது பின்னர் தவறென்று தெரிந்தால் அவர்தான் விளக்கம் எழுத வேண்டும். ஆகவே "இறுதி முடிவை மனிதரே எடுப்பார்" என்ற உறுதிமொழியை நான் எளிதில் நம்புவதில்லை. அந்த மனிதருக்கு விசாரிக்க நேரமும், மறுக்க அதிகாரமும், மறுத்தால் பாதுகாப்பும் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன்.

நெதர்லாந்தில் நடந்தது இதற்கு இன்னொரு முகம். குழந்தைப் பராமரிப்புக்கான உதவித்தொகையில் மோசடியைத் தேடிய வரித் துறையின் இடர் மதிப்பீட்டு முறை, டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களை அதிக ஐயத்துக்கு உரியவர்களாகக் கருதியது. விண்ணப்பத்தில் சிறு குறை இருந்தாலும் பல ஆண்டு உதவியை முழுவதுமாகத் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் பெற்றோர் கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பழைய பாரபட்சத்தைக் கற்றுக்கொண்ட எந்திரம், அதை எண்ணாக மாற்றித் திருப்பித் தருகிறது. ஒரு வட்டாட்சியரின் சாதிப் பார்வையையாவது ஊரார் அறிவார்கள், அதைச் சொல்லிச் சண்டை போடலாம்; எண்ணாக மாறிய பாரபட்சத்திடம் யார் போய்ச் சண்டை போடுவது?

நம் நாட்டுக்கு வருகிறேன். தெலங்கானாவில், பல துறைகளின் தரவுகளை இணைத்து ஒரு குடும்பத்தின் நிலையை ஊகிக்கும் 'சமக்ர வேதிகா' என்ற முறை பயன்பட்டது. அம்மாநிலத்தில் சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகள் உரிய முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்ட வழக்கில், கள ஆய்வு செய்து மறுபடி சரிபார்க்குமாறு 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கார் வைத்திருப்பவர் என்று ஒரு குடும்பத்தை நீக்க, கார் உரிமையாளரும் அட்டைதாரரும் ஒரே ஆள் என்று கணினி ஊகிக்க வேண்டியிருக்கிறது. நம் பெயர்களை வைத்து அந்த ஊகத்தைச் செய்வது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் கு. முருகன், இன்னொன்றில் முருகன் குப்புசாமி, மூன்றாவதில் எழுத்துக்கூட்டல் மாறிய ஆங்கிலப் பெயர். அதே தாலுகாவில் அதே பெயரும் அதே தந்தை பெயரும் கொண்ட இன்னும் சிலர். வரி செலுத்தும் நடுத்தர வகுப்பினருக்கும் இந்தச் சிக்கல் வருவதுண்டு. அவர்களுக்கு அது ஒரு தொல்லை. மாத அரிசிக்கு அதை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பட்டினி.

ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பு கட்டாயமானதன் விளைவைக் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் பெரிய அளவில் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தகுதியற்றவர்கள் பெறுவதை அந்தச் சரிபார்ப்பு தன்னளவில் குறைக்கவில்லை. ஆனால் அட்டையுடன் ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பயன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. தமிழ்நாட்டிலும் 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடைகளில் கைரேகை வைக்கும் முறை வந்தது. "ரேகை விழவில்லை", "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற இரு வாக்கியங்களைக் கேட்டுத் திரும்பிய முதியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் தீப்பெட்டித் தொழிலிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த விரல்களில்தான் ரேகை தேய்ந்திருக்கும். அதிகம் உழைத்தவரைக் குறைவாக அடையாளம் காணும் கருவி அது. மாற்று நபரை நியமித்துப் பொருள் வாங்கும் வசதி இங்கே இருப்பது ஆறுதல். அதற்கும் ஒரு படிவம், ஒரு நடை.

இந்த இடத்தில், பொருளாதார நியாயம் பற்றிப் பேசுபவர்கள் போதிய கவனம் தராத ஒன்றைச் சொல்ல வேண்டும். நலத்திட்டத்தில் இரு வகைத் தவறுகள் உண்டு: தகுதியற்றவர் உள்ளே வருவது, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது. முதல் தவறு எளிதில் எண்ணிக்கையாக மாறும். தணிக்கை அறிக்கையில் பத்தியாக வரும், செய்தியில் தலைப்பாக வரும், சட்டமன்றத்தில் கேள்வியாக எழும். பணம் போனது கணக்கில் தெரியும். இரண்டாவது தவறு எந்தக் கணக்கிலும் தெரியாது. கொடுக்காத அரிசிக்கு ரசீது இல்லை. இன்னும் மோசமாக, அது சேமிப்பாகத் தோன்றும். "இத்தனை லட்சம் போலி அட்டைகளை நீக்கினோம், இத்தனை கோடி மிச்சம்" என்ற அறிவிப்பில், அந்த லட்சங்களில் எத்தனை பேர் உண்மையான மனிதர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எந்திரத்துக்குக் கற்றுத் தரப்படுவதும் முதல் தவற்றைக் குறைக்கத்தான். ஏனெனில் அரசிடம் இருக்கும் தரவு அந்தத் தவற்றைப் பற்றியதே. வெளியே நிற்பவரைப் பற்றித் தரவுத்தளத்தில் ஒரு வரியும் இருக்காது.

தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டம் இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடையைக் கொடுத்தது. 1997இல் ஒன்றிய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் என்று மக்களைப் பிரித்துப் பொருள் வழங்கும் முறைக்கு மாறியது. நாட்டளவில் அந்தப் பிரிவினை எப்படி வேலை செய்தது என்பதைத் திட்டக் குழுவின் 2005ஆம் ஆண்டு மதிப்பீடு காட்டுகிறது: ஒன்றியத் தொகுப்பிலிருந்து மானியத்தில் வழங்கிய தானியத்தில் சுமார் 58 சதவீதம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை. தவறாக அடையாளம் கண்டதும் இடையில் கசிந்ததும் சேர்ந்த விளைவு அது. தமிழ்நாடோ எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கையைக் கைவிடவில்லை. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும், சட்டத்தின் வரம்புக்குள் வராத குடும்பங்களுக்கு மாநிலத்தின் செலவில் வழங்கும் ஏற்பாட்டோடுதான் ஏற்றது. இன்று 34,000க்கும் மேற்பட்ட கடைகள், 2.2 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்.

வசதியானவருக்கும் ஏன் அரிசி என்ற கேள்வி ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் எழுகிறது. எனக்கு அது தவறான இடத்தில் கேட்கப்படும் கேள்வி. வசதியானவர்களில் பலர் ரேஷன் அரிசி வாங்க வரிசையில் நிற்பதில்லை. சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்று தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. யார் ஏழை என்று தேடி அலையும் வேலையை அரசு செய்யாததால், ஏழை என்று நிரூபிக்கும் வேலையை ஏழையும் செய்ய வேண்டியதில்லை. நடுத்தரக் குடும்பமும் அதே கடையில் பருப்பும் எண்ணெயும் வாங்குவதால், கடை திறக்காவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. வசதியானவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டியதை வரியின் வழியே பெறலாம். வரித் துறைக்கு வசதியானவரைத் தேடும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. இதற்குச் செலவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவு அரசின் கணக்குப் புத்தகத்தில் வெளிப்படையாக நிற்கிறது. வெளியே தள்ளப்பட்டவரின் வீட்டில் பசியாக ஒளிந்திருக்கவில்லை.

எல்லாத் திட்டத்தையும் எல்லோருக்கும் தர முடியாது என்பதும் உண்மைதான். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில், மாதம் 1,000 ரூபாய் பெறச் சில வரம்புகள் விதிக்கப்பட்டன: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள். தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். இந்த வரம்புகளில் எனக்குக் குறைகள் தெரிகின்றன. பல குடும்பங்கள் ஒரே மின் இணைப்பைப் பகிரும் வீட்டில் மின் அளவு எதைக் காட்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் மூன்று நல்ல அம்சங்களைக் குறிப்பிட வேண்டும். வரம்புகள் என்ன என்பதை எந்தப் பெண்ணும் முன்கூட்டியே படித்துத் தன் நிலையைத் தானே கணக்கிட முடிந்தது. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழியும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே மேலும் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டார்கள். முதல் வடிகட்டலில் தவறியவர்கள் இத்தனை பேர் என்பதே, மேல்முறையீடு என்ற கதவு இல்லாமல் எந்தச் சல்லடையையும் நம்பக் கூடாது என்பதற்குப் போதிய காரணம். நுட்பம் மிகுந்த ஒரு கணினிக் கணிப்பு முறை, ஆயிரம் காரணிகளைக் கலந்து "தகுதியில்லை" என்று சொன்னால், அந்தப் பெண் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வாள்? சற்றே முரட்டுத்தனமானாலும் எல்லோருக்கும் தெரிந்த விதி, யாருக்கும் விளங்காத நுட்பமான கணிப்பைவிட நியாயமானது என்று நான் கருதுவது இதனால்தான்.

தொழில்நுட்பத்தை எதிர்ப்பவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். அது யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தபிறகு, கடையில் நம் அட்டைக்குப் பொருள் பதிவானவுடன் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத பாமாயிலை வாங்கியதாகச் செய்தி வந்ததும், கடைக்குப் போய்ச் சண்டை போட்டவர்கள் ஏராளம். அதற்கு முன் அந்தக் களவு நோட்டுப் புத்தகத்துக்குள் புதைந்து கிடந்தது. சத்தீஸ்கரில் 2000களின் பிற்பகுதியில், கிடங்கிலிருந்து தானிய லாரி புறப்பட்டதும் பதிவு செய்த குடிமக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. இரண்டிலும் கணினி காவல் காத்தது கடையையும் கிடங்கையும். நிரூபிக்க வேண்டியவர் அதிகாரம் உள்ளவர். பார்த்துக் கேட்பவர் குடிமகன். பெரும் கசிவு நடப்பதும் லாரியிலும் கிடங்கிலும்தான். கட்டைவிரலை நீட்டும் பாட்டியிடம் அல்ல.

செயற்கை நுண்ணறிவுக்கு நலத்திட்டத்தில் ஒரு வேலை கொடுக்கச் சொன்னால், விடுபட்டவர்களைத் தேடும் வேலையைக் கொடுப்பேன். ஓர் ஊரில் கணவரின் இறப்பு பதிவாகிறது, மனைவிக்கு விதவை உதவித்தொகைக்குத் தகுதி இருக்கலாம், அவர் விண்ணப்பிக்கவில்லை. அரசின் இரு துறைகளிடம் இருக்கும் இந்தச் செய்திகளை இணைத்து, கிராம நிர்வாக அலுவலரை அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்க எந்திரத்தால் முடியும். அங்கே அது தவறினால் நடப்பது, ஓர் அலுவலர் ஒரு வீட்டுக்கு வீணாகப் போய் வருவது மட்டுமே. சேர்க்கலாம் என்று எந்திரம் சொல்லட்டும். நீக்கு என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அதற்கு வேண்டாம்; அதைப் பெயரும் கையொப்பமும் உள்ள ஓர் அலுவலர், காரணத்தை எழுதி, எதிர்த்தரப்பைக் கேட்டபின் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதி, தன்னைப் பெரிதும் பாதிக்கும் முடிவை முழுக்க முழுக்க எந்திரம் மட்டும் எடுக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையை, சில விலக்குகளோடு, குடிமக்களுக்குத் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய உரிமை இல்லை. அது சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன்.

அதைவிடவும் முதன்மையாக நான் கேட்பது, விசாரணை முடியும் வரை உதவி தொடர வேண்டும் என்பது. 1970இல், கோல்ட்பெர்க் எதிர் கெல்லி என்ற வழக்கில், நலத்தொகையை நிறுத்துவதற்கு முன்பே பெறுபவருக்கு நேரில் விசாரணை தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிக்கலாம் என்று நியூயார்க் அதிகாரிகள் வாதிட்டார்கள். தகுதியுள்ள ஒருவரிடமிருந்து அவர் உயிர் வாழ்வதற்கான வழியையே பறித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்ல முடியாது, சாப்பாட்டுக்கு அலையும் ஒருவரால் அலுவலகத்தோடு வழக்காடவும் முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன் விளக்கினார். கணினி முறைகள் வருவதற்கு வெகு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு அது. நம் ரேஷன் கடைக்கு அதைப் பொருத்தினால் செய்ய வேண்டியது சிறியது: ரேகை விழாத நாளில் அரிசியைக் கொடுத்துவிட்டு, விழவில்லை என்பதைக் கருவியில் பதிந்து, ஏன் விழவில்லை என்று அறிய அடுத்த மாதத்துக்குள் துறை ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.